போட்டியும் மனச்சாட்சியும்

வியாபாரப் போட்டி என்றதும் பேராசையையே நினைப்போர் நம்மிடையே பலர். எதிர்க்கடை இல்லாவிட்டால் எல்லோரும் நேர்மையாக நடப்பர் என்பது அவர்கள் எண்ணம். மின்குமிழின் வரலாறோ வேறு விதமாயிருக்கிறது.

1924ஆம் ஆண்டின் இறுதியில் ஒஸ்ராம், பிலிப்ஸ் முதலிய பெரிய மின்குமிழ்க் கம்பனிகள் ஜெனீவாவில் தம்முள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 'பீபஸ்' என்பது அக்கூட்டின் பெயர். சந்தைகளைப் பங்கிட்டதோடு அவை நிற்கவில்லை. 1500, 2000 மணித்தியாலம் எரியக்கூடிய குமிழ்கள் அக்காலத்திலேயே இருந்தன. அவற்றின் ஆயுளை 1000 மணித்தியாலமாகக் குறைக்கவேண்டும் என முடிவாயிற்று. மீறிய கம்பனிக்கு அபராதம். குமிழ் விரைவில் எரிந்துபோக வழிகாண்பதற்கென்று கற்றறிந்த பொறியியலாளர் ஆய்வுகூடங்களில் உழைத்தார்கள்! ஆயுள் குறைந்தால் வெளிச்சம் கூடும் என்று சொல்லப்பட்ட நியாயத்தில் உண்மை இல்லாமலில்லை. அப்படியானால் அபராதம் எதற்கு? இரண்டாம் உலகப் போர் வந்தபின்னரே அக்கூட்டுக் குலைந்தது.

எனவே, போட்டி ஒழிந்தால் நேர்மை தானாக வந்துவிடாது. ஆயினும் போட்டி ஒன்றே போதுமா? பாப்பரசர் 11ம் பத்திநாதர் 1931ல் விடுத்த சுற்றுமடலில், போட்டி தன் எல்லைக்குள் நிற்குமட்டும் நியாயமானது, பயனுள்ளது என ஏற்றுக்கொள்கிறார். பொருளாதார வாழ்வை நெறிப்படுத்தும் தகுதி அதற்கில்லை என்றும் கூறுகிறார். வாங்குபவரை எப்படி ஈர்க்கலாம் என்பதைப் போட்டி கற்பிக்கும். கண்டுபிடித்ததை யாருக்காக வைத்திருப்பது என்பதை அது கற்பிப்பதில்லை.

சுவீடனின் வொல்வோ மோட்டார்க் கம்பனியில் 1959ல் நில்ஸ் போலின் என்ற பொறியியலாளர், தோளையும் இடுப்பையும் சேர்த்து மூன்று இடங்களில் பிணைக்கும் ஆசனப்பட்டியை ஆக்கினார். ஆக்கவுரிமை கம்பனியின் கையில். பணங் கட்டியே பிறர் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருந்தால் சட்டம் தடுத்திராது. கம்பனியோ அதனை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. நற்பெயருக்காகச் செய்தார்கள் என்பர் சிலர். இருக்கட்டுமே, நற்பெயர் தேடுவது பாவமா?

கண்டுபிடித்தவன் தன் செலவை மீட்கவேண்டாமா என்று நம் வியாபாரிகள் கேட்பது நியாயமே. பிள்ளைகளை வளர்க்கும் எவரும் அவ்வாறே கேட்பர். வண்டிக்குப் பூசும் நிறத்தில் ஒரு புதுமை கண்டால் அதைத் தனக்கென்று வைத்திருப்பதில் குறையில்லை. வண்டிக்குள் இருப்பவரின் உயிரைக் காக்கும் பட்டியை அவ்வாறு வைத்திருக்கலாமா? வொல்வோவில் இருந்தவர்கள் இந்தக் கேள்விக்குத் தாமே விடை காணவேண்டியிருந்தது. அந்த விடையை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எந்தப் போட்டிக் கம்பனியும் வரவில்லை.