அந்த வருஷத்து இன்ஜின்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திருவெண்ணெய்நல்லூர் போயிருந்தேன். பந்தி முடிந்து கை கழுவும்போதே, என்னோடு பி.காம். படித்த நண்பன் வந்து தோளைப் பிடித்துக்கொண்டான். “ராத்திரிதானே உனக்கு பஸ்? வீட்டுக்கு வாடா, ஒண்ணு காட்டறேன்.”

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ரைஸ் மில், உரக்கடை, பைக் ஷோரூம் என்று சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேரின் வரவு செலவுக் கணக்கு அவன் கையில்தான். ஒரு ரூபாய் இடித்தாலும் தூங்கமாட்டான். அப்படிப்பட்டவனின் மாடி அறையில் ஒரே தின்னர் வாசனை! மேஜை மேல் பழைய பேப்பரை விரித்து, உப்புத்தாள், பிளேடு, ஃபெவிக்விக். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு ஜெட் விமானம், பாதி பெயின்ட்டோடு.

“நீங்களே கேளுங்கண்ணே” என்றார் காபி கொண்டுவந்த அவன் மனைவி. “எல்.ஐ.சி. பிரீமியம் கட்ட ஞாபகம் இருக்காது. இந்தப் பொம்மைக்கு பெயின்ட் வாங்க பாண்டிச்சேரி வரைக்கும் போவாரு.”

அது மாருத். இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானம். நிஜ விமானத்தின் நீளம் சுமார் 52 அடி. இது 72-ல் ஒரு பங்கு. வெளிநாட்டில் இருக்கும் மச்சான் வாங்கி அனுப்பிய கிட். உள்ளே இருக்கிற பாகங்களைத் தேய்த்து ஒட்டினால் அச்சு அசல் மாருத் வந்துவிடும். ஆனால், நண்பன் அப்படிச் செய்யவில்லை. பின்பக்கத்தை அறுத்து எடுத்துவிட்டு, பழைய பால்பாயின்ட் பேனாவின் குழலை இரண்டு துண்டாக வெட்டிச் சொருகியிருந்தான். காற்று உள்ளே போகிற வாய்களை அகலமாக்கியிருந்தான்.

“இது பறந்த மாருத் இல்லடா. பறந்திருக்க வேண்டிய மாருத்” என்றான்.

மாடல் செய்கிறவர்கள் மத்தியில் இதற்கு ‘வாட் இஃப்’ என்று பெயராம். நடக்காத ஒன்று நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கையால் செய்து பார்ப்பது.

கதை இதுதான். 1956-ல் ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் பெங்களூருக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிய ஃபோக்கே-உல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர். நம் ஊர் இன்ஜினீயர்களோடு சேர்ந்து மாருத்தை வரைந்தார். முதலில் முழு அளவில் மரத்திலேயே ஒரு கிளைடர் செய்து, டகோட்டா விமானத்தில் கட்டி இழுத்துப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 1961 ஜூன் 17-ம் தேதி சுரஞ்சன் தாஸ் நிஜ மாருத்தை முதல் முறையாக ஓட்டினார். அழகான விமானம். ஒரே குறை, இன்ஜின்.

பிரிட்டனின் பிரிஸ்டல் கம்பெனி உருவாக்கிக்கொண்டிருந்த ஆர்ஃபியஸ் 12 இன்ஜினை மனதில் வைத்து வரைந்த உடம்பு அது. அந்த இன்ஜின் வேலையை முடிக்கப் பணம் போட இந்தியா முன்வரவில்லை. கடைசியில் அதைவிட வலு குறைந்த ஆர்ஃபியஸ் 703 இன்ஜின்களைப் பொருத்தினார்கள். ஒலியை மிஞ்சிப் பறக்கப் பிறந்த விமானம், ஒலியின் வேகத்தைத் தொடவே திணறியது. ஆனாலும், 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் நன்றாகவே உழைத்தது. மொத்தம் 147 மாருத்கள் செய்தார்கள். 1990-ம் ஆண்டோடு அதன் காலம் முடிந்தது.

கேட்டதும் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. “அன்னைக்கு மட்டும் கவர்மென்ட் பணம் கொடுத்திருந்தா, இன்னைக்கு நாம உலகத்துக்கே ஜெட் வித்துக்கிட்டு இருப்போம், இல்ல?”

நண்பன் பிளேடைக் கீழே வைத்தான்.

“எனக்கு ஒரு ரூல் இருக்குடா. அந்த வருஷத்துல இருந்த பாகத்தை மட்டும்தான் ஒட்டுவேன். 1961 விமானத்துல 1990 இன்ஜினை மாட்டினா பார்க்க ஜோராத்தான் இருக்கும். ஆனா, அப்ப என் சம்சாரம் சொல்றது சரி. அது பொம்மை. ஆர்ஃபியஸ் 12 அன்னைக்கு நிஜமா இருந்த ஒரு திட்டம். அதனால ஒட்டறேன். ஆனா, 1957-லேர்ந்தே நாட்டுல அந்நியச் செலாவணி நெருக்கடி. அதுவும் அன்னைக்கு இருந்ததுதானே? அதையும் ஒட்டணும். 1962-ல சீனாவோட போர் வரும்னு உனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி ஃபைல்ல கையெழுத்து போட்டவனுக்குத் தெரியுமா? உனக்குத் தெரிஞ்சதை எடுத்து அவன் தலைல ஒட்டாதே.”

இன்னொன்றும் சொன்னான். இன்ஜினைப் பெரிதாக்கினால் விமானத்தின் பின்பக்கமும் பெருக்கவேண்டும். பின்பக்கம் பெருத்தால் காற்று பிடித்து இழுக்கும். “ஒரு டெபிட் போட்டா, ஒரு கிரெடிட் போட்டுத்தானே ஆகணும்?” வலு கூட்டிய இன்ஜினோடு ஒரு மாருத்தைப் பிறகு நிஜமாகவே சோதித்துப் பார்த்தார்கள். 1970 ஜனவரி 10-ம் தேதி அது விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் அதே சுரஞ்சன் தாஸ். இறந்துபோனார். பெங்களூரில் இன்றைக்கும் அவர் பெயரில் ஒரு ரோடு இருக்கிறது. ‘பெரிய இன்ஜின் மட்டும் இருந்திருந்தால்’ என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதில் ஏறி உட்கார ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் கிருபாபுரீஸ்வரர் கோயிலுக்கு நடந்தோம். சுந்தரர் வழக்கு நடந்ததாகச் சொல்கிற மண்டபம் அங்கேதான் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த கதைதான். புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். கிழவர் வேஷத்தில் வந்த சிவன், ‘உன் பாட்டன் எனக்கு எழுதிக் கொடுத்த அடிமை ஓலை’ என்று ஒன்றைக் காட்ட, சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது வெறும் படி, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்றார். இங்கே சபை கூடியது. அந்தணர் இன்னொரு அந்தணருக்கு அடிமையாவது வழக்கத்தில் இல்லையே என்று சபைக்கும் சந்தேகம்தான். ஆனாலும், பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒத்துப்போனது. தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள்.

கவனியுங்கள்… வந்திருக்கிற கிழவர் யார் என்று அந்தச் சபைக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், ஏனென்றால் நாம் கதையின் முடிவைப் படித்தவர்கள். அவர்களிடம் இருந்தது ஓர் ஓலை, ஒரு கையெழுத்து. அதை வைத்துத்தான் நியாயம் சொல்ல முடிந்தது.

அந்த மண்டபத்துப் பக்கம் உட்கார்ந்துதான், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை நண்பனிடம் சொன்னேன்.

2012. நான் சென்னையில். அம்மா மட்டும் விழுப்புரம் பக்கத்தில் எங்கள் ஊரில். ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்கு போன். “நெஞ்சு கொஞ்சம் எரியுதுப்பா. மத்தியானம் சாப்பிட்ட மொச்சைக்கொட்டைதான். ஓமத் தண்ணி குடிச்சிருக்கேன்… நீ சாப்பிட்டியா?” என்றாள். காலையில் கொடுக்கவேண்டிய கட்டுரை பாதியில் நின்றிருந்தது. “காலைல டாக்டர்கிட்ட போயிடும்மா” என்று சொல்லி வைத்துவிட்டேன். விடியற்காலை நாலரைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார்.

அன்றிலிருந்து நானும் ஒரு மாடல் செய்துகொண்டிருக்கிறேன். அதில் நான் உடனே கிளம்புகிறேன். டாக்ஸி கிடைக்கிறது. ரோடு காலியாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரே டியூட்டியில் இருக்கிறார். அம்மா பிழைத்துவிடுகிறாள். பேத்தியின் பத்தாவது ரிசல்ட்டைப் பார்க்கிறாள். வருஷா வருஷம் அந்த மாடலுக்கு ஒரு கோட்டிங் பெயின்ட் ஏறிக்கொண்டே போகிறது.

நண்பன் ஆறுதல் சொல்லவில்லை. ஆடிட்டர் மாதிரி கேள்வி கேட்டான்.

“அம்மாவுக்கு சுகர் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“சுகர் இருக்கறவங்களுக்கு ஹார்ட் அட்டாக் சில சமயம் வெறும் நெஞ்செரிச்சல் மாதிரியே வரும்னு அன்னைக்கு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது. அப்புறம் ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரியும்.”

“அப்ப அது பிந்தி வந்த இன்ஜின். கழட்டு. டாக்ஸி, காலி ரோடு, பெரிய டாக்டர்… இதெல்லாம் நீயா ஒட்டினது. அதையும் கழட்டு. வேற என்ன இருக்கு?”

யோசித்தேன். “ஒன்பது மணிக்கு மேல அம்மா போன் பண்ணவே மாட்டாங்க. அன்னைக்குப் பண்ணாங்க.”

“அது உனக்கு அன்னைக்கே தெரியும்?”

“தெரியும்.”

“108?”

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008-ல். அம்மா போன் செய்த ராத்திரி அதற்கு நாலு வயசு. நான் சென்னையிலிருந்து கிளம்பவே வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, ‘அம்மாவை 108-ல் ஏத்திவிடுங்க’ என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. அம்மா பிழைத்திருப்பாளா என்பது வேறு விஷயம். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நான் பதில் பேசவில்லை. “அது மட்டும் நிக்கும்டா” என்றான் நண்பன். அதற்குமேல் அவனும் எதுவும் கேட்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது பழைய அக்கவுன்டன்ஸி பாடம் ஞாபகம் வந்தது. மார்ச் 31-ம் தேதியோடு கணக்கை முடிக்கிறோம். நமக்குப் பணம் தரவேண்டிய வியாபாரி திவால் என்று ஏப்ரலில் சேதி வருகிறது. மார்ச்சிலேயே அவர் நொடித்துப் போயிருந்தால் பழைய கணக்கைத் திருத்தவேண்டும். ஏப்ரலில்தான் அவருடைய குடோன் எரிந்தது என்றால், மார்ச் கணக்கில் கை வைக்கக் கூடாது. நஷ்டம் ஒன்றுதான். அந்தத் தேதியில் அது இருந்ததா என்பதுதான் கேள்வி.

மனசாட்சிக்கு இன்னொரு கேள்வி கூடுதல். இருந்தது சரி, எனக்குத் தெரிந்திருந்ததா?

‘தெரியாது’ என்று சொல்லி எல்லோரும் தப்பித்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. தெரியாதது ஒரு வகை; தெரிந்துகொள்ளச் சோம்பல்பட்டது வேறு வகை. அம்மா ஏன் இந்த நேரத்துக்குக் கூப்பிடுகிறாள் என்று ஒரு கேள்வி கேட்க எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

நடந்து முடிந்ததைப் பற்றி நாம் இரண்டு விதமாகப் பொய் சொல்கிறோம். ஒன்று, இன்றைக்குக் கிடைத்த இன்ஜினை அன்றைக்கு மாட்டுவது. அந்த ஷேரை அப்போதே வாங்கியிருக்கலாம், அந்தப் பையனுக்குப் பெண்ணைக் கொடுத்திருக்கவே கூடாது, அப்பா அந்த நிலத்தை விற்றிருக்கக் கூடாது… இதில் நாமும் வெந்து, பக்கத்தில் இருப்பவர்களையும் வேகவைக்கிறோம். செத்துப்போன அப்பாவைக்கூட விடுவதில்லை. இன்னொன்று, அன்றைக்கு இன்ஜினே இல்லை என்று சாதிப்பது. ‘எல்லாம் விதி, நம்ம கையில என்ன இருக்கு?’ மேஜை மேலேயே இருந்த போனை மறந்துவிடுவது.

இரண்டையும் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால், அது நம்முடையது. பதிமூன்று வருஷத்துக்கு மேல் நான் சுமந்தது அம்மாவைக் கொன்றவன் என்கிற மூட்டை. அதைத் தூக்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. இப்போது கையில் இருப்பது ஒரு போன் பண்ணாதவன் என்கிற தப்பு. வலி குறைந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால், இதன் அளவு எனக்குத் தெரிகிறது. இதை வைத்து ஏதாவது செய்யலாம்.

நண்பன் மாடலை முடித்துவிட்டு போட்டோ அனுப்பியிருக்கிறான். பளபளவென்று நிற்கிறது. கீழே மரக்கட்டையில் சின்னதாக எழுதியிருக்கிறான்: ‘ஆர்ஃபியஸ் 12 பொருத்திய மாருத். பறக்கவில்லை.’

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஊரிலிருந்து சித்தி போன் செய்தார். லேசாகத் தலை சுற்றுகிறதாம், காலையில் பார்த்துக்கொள்ளலாமாம். “இல்ல சித்தி, இப்பவே” என்று சொல்லி 108-க்கு ஏற்பாடு செய்தேன். கொஞ்சம் பிரஷர் ஏறியிருந்தது, அவ்வளவுதான். மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நடுராத்திரியில் தெருவையே எழுப்பி மானத்தை வாங்கிவிட்டேன் என்று சித்தி இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

திட்டட்டும்.