சாக்கை விடு, சைக்கிளை எடு!

"முப்பத்தைந்து வயசாச்சு, இனிமேல் என்ன விளையாட்டு?"

"எனக்கு நீச்சலே தெரியாதே!"

"தவளக்குப்பம் நாற்சந்தியில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தால் நாலு பேர் சிரிப்பார்களே!"

டிரையத்லான் என்று பேச்செடுத்தாலே இந்த மூன்று சாக்குகளும் வரிசைகட்டி வந்து நிற்கும். தோழா, தோழியே! இன்றைக்கு இவற்றை ஒவ்வொன்றாக உடைத்துப் போடுவோம்.

நீந்து, மிதி, ஓடு. இடையில் நிறுத்தாமல் மூன்றையும் முடி. டிரையத்லான் என்பது அவ்வளவுதான். தொடக்கக்காரர்களுக்கு ஏற்ற 'ஸ்பிரிண்ட்' பிரிவில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். தவளக்குப்பத்திலிருந்து புதுச்சேரி போய்த் திரும்பினாலே சைக்கிள் கணக்கு கிட்டத்தட்ட தீர்ந்துவிடும். வேலைக்குப் போக நம் அப்பாக்கள் அன்றாடம் மிதித்த தூரம் அது. உனக்கு மட்டும் மலைப்பா?

வயசா தடை? மடோனா பியூடர் என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரி ஓடத் தொடங்கியதே 48 வயதில். முதல் டிரையத்லானில் இறங்கியபோது வயது 52. 2012-ல், 82 வயதில், கனடாவில் 'அயர்ன்மேன்' போட்டியை முடித்தார். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்குமேல் 42.2 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் 17 மணி நேரக் கெடுவுக்குள்! நம் நாட்டு நடிகர் மிலிந்த் சோமன் 2015-ல் சூரிச்சில் அதே தூரத்தைக் கடந்தபோது வயது 49. இனி வயதைப் பற்றிப் பேசாதே.

நீச்சல் தெரியாதா? கற்றுக்கொள்! ஆனால் சுண்ணாம்பாற்று முகத்துவாரத்திலோ நல்லவாட்டுக் கடலிலோ குதித்து வீரம் காட்டாதே. நீரோட்டத்துக்கு உன் தன்னம்பிக்கை தெரியாது. பயிற்சியாளர் இருக்கும் நீச்சல் குளத்துக்குப் போ. சுவரைப் பிடி. முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, மூச்சைக் குமிழ் குமிழாக வெளியே விடு. புதியவர்கள் திணறுவது பெரும்பாலும் இங்கேதான்: மூச்சை உள்ளேயே அடக்கி வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கியதும் விடவும் இழுக்கவும் ஒரே நேரத்தில் தவிப்பார்கள். விடப் பழகியவனுக்கு இழுப்பது தானாக வரும். அப்புறம் 25 மீட்டர், 50, 100. சேர்த்துக்கொண்டே போ.

சைக்கிளுக்கு லட்சங்கள் வேண்டாம். பிரேக் பிடிக்க வேண்டும், ஹெல்மெட் பொருந்த வேண்டும். கடலூர் சாலையில் பஸ்களோடு மல்லுக்கு நிற்காமல், விடிந்ததும் அபிஷேகப்பாக்கம் பக்கம் திரும்பி மிதி. இறங்கிய கையோடு பத்து நிமிஷம் ஓடிப் பார். கால் மரக்கட்டையாய்க் கனக்கும். உன் கால் என்றே தோன்றாது. பயப்படாதே. மிதித்துப் பழகிய தசை ஓட்டத்துக்கு மாறச் சிறிது நேரம் கேட்கிறது, அவ்வளவுதான். வாரம் ஒருமுறை பழக்கினால் கால் பணிந்துவிடும்.

ஊர் சிரிக்குமா? 1974 செப்டம்பர் 25 அன்று, அமெரிக்காவின் சான் டியேகோவில் ஓர் ஓட்டக் கிளப் டிரையத்லான் என்ற பெயரில் முதன்முதலாகப் போட்டி நடத்தியபோது வந்தவர்கள் 46 பேர்தான். அவர்களில் ஒருவரான கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், 1978-ல் ஹவாயில் அயர்ன்மேனைத் தொடங்கி வைத்தார். கிளம்பியவர் 15, முடித்தவர் 12. 'பைத்தியக்காரக் கூட்டம்' என்று யாராவது சிரித்திருக்கலாம். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் பதக்க விளையாட்டாகிவிட்டது!

தயாரான பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவன் காத்தேதான் இருப்பான். தொடங்கியவன்தான் தயாராவான். இதய நோய், சர்க்கரை இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வா, அது முன்னேற்பாடு. மற்றதெல்லாம் சாக்கு.

இந்த வாரமே குளத்தில் பெயரைக் கொடு. நாளை விடிகாலை டயருக்குக் காற்றடி. சிரிக்கிறவர்களுக்குச் சிரிப்பதைத் தவிர வேலை இல்லை. உனக்கு இருக்கிறது: 750, 20, 5. எழுந்திரு!