பில்லை யார் கட்டுவது?

2020 ஜனவரி 31. லண்டனில் இரவு மணி 11. அந்த விநாடியில்தான் பிரிட்டன், ஐரோப்பிய யூனியனை விட்டு அதிகாரபூர்வமாக வெளியேறியது.

அதென்ன 11 மணி, நள்ளிரவு 12 இல்லையா என்று கேட்பீர்கள். யூனியனின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸில் அப்போது மணி 12! இனி யார் சொல்லையும் கேட்கமாட்டோம் என்று புறப்பட்டவர்கள், புறப்படுகிற நேரத்தை மட்டும் அடுத்த வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் குறித்துக்கொண்டார்கள்.

சிரித்தாயிற்றா? இனி கொஞ்சம் சீரியஸாகப் பேசுவோம்.

பிரிந்து போக ஒரு நாட்டுக்கு உரிமை உண்டா? தாராளமாக உண்டு. லிஸ்பன் ஒப்பந்தத்தின் 50-வது பிரிவு அதை எழுத்திலேயே கொடுத்திருக்கிறது. நான் கேட்க வருவது வேறு. பிரிவது என்று முடிவெடுக்கிறவர் ஒருத்தர், அதற்கு விலை கொடுக்கிறவர் இன்னொருத்தர் என்றால், அது நியாயமா?

2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில், வெளியேறுவோம் என்றவர்கள் 51.9 சதவிகிதம். இருப்போம் என்றவர்கள் 48.1. வித்தியாசம் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் ஓட்டு. ஜனநாயகத்தில் ஒரு ஓட்டு அதிகம் என்றாலும் ஜெயம் ஜெயம்தான். சரி. ஆனால், ஓட்டுச் சாவடிக்கு வெளியே நின்றவர்களை ஒரு நிமிஷம் பாருங்கள்.

முதலில், 17 வயசுப் பையன். ஐரோப்பிய யூனியனின் எந்த நாட்டுக்கும் போகலாம், படிக்கலாம், வேலை தேடலாம் என்ற உரிமையோடு பிறந்தவன். அயர்லாந்து ஒன்றைத் தவிர மற்ற இடங்களில் அந்த உரிமை போய்விட்டது. சுற்றிப் பார்க்கப் போனால்கூட, பெரும்பாலான நாடுகளில் விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள்தான் என்று கணக்கு. இந்த முடிவோடு மற்ற எல்லாரையும்விட அதிக வருஷம் வாழப்போகிறவன் அவன்தான். அவனுக்கு ஓட்டு இல்லை.

அடுத்து, முப்பது வருஷமாக லண்டனில் குடியிருந்து, வேலை பார்த்து, வரி கட்டிய ஒரு பிரெஞ்சுப் பெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிக்கொள்ளாததால் அவருக்கும் ஓட்டு இல்லை. அவரைப் போல முப்பது லட்சம் பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள். தாங்கள் வாழ்ந்த ஊரிலேயே தொடர்ந்து வாழ, அவர்கள் மனுப் போட வேண்டி வந்தது.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். சில மாதங்களுக்கு முன்பு சென்னையிலிருந்து லண்டனுக்கு வேலைக்குப் போன இந்தியர் ஒருவர், வாக்காளர் பட்டியலில் பேரைப் பதிந்திருந்தால் ஓட்டுப் போடலாம்! காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கு அங்கே அந்த உரிமை உண்டு. ஆக, ஐரோப்பாவில் பிரிட்டன் இருப்பதா வேண்டாமா என்று நம்மவர் சொல்லலாம். முப்பது வருஷம் இருந்த ஐரோப்பியர் சொல்லக் கூடாது. விலை யார் தலையில் அதிகம் விழுமோ, அவர் வாயில் பூட்டு.

மூன்றாவது, வட அயர்லாந்து. அங்கே 55.8 சதவிகிதம் பேர் இருப்போம் என்றுதான் ஓட்டுப் போட்டார்கள். முப்பது வருஷ மோதலில் சுமார் 3,500 உயிர்களைப் பறிகொடுத்து, 1998-ல் ஒப்பந்தம் போட்டு அமைதி கண்ட பூமி அது. தெற்கே அயர்லாந்துக் குடியரசோடு சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. ராணுவச் சோதனைச் சாவடிகள் போய், ஜனங்கள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாதாரணமாகப் போய் வந்துகொண்டிருந்தார்கள். பிரிட்டன் வெளியேறினால் அந்தக் கோடு ஐரோப்பிய யூனியனின் வெளி எல்லையாகிவிடும். மறுபடி சாவடியா? கூடவே கூடாது என்று, சரக்குச் சோதனையை நடுவில் இருக்கும் கடலுக்கு மாற்றினார்கள். விளைவு, ஒரே நாட்டின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குச் சரக்கு அனுப்பக் காகிதம் எழுத வேண்டி வந்தது. அதைக் கொஞ்சம் தளர்த்தவே 2023-ல் இன்னொரு ஒப்பந்தம் தேவைப்பட்டது.

"அட போங்க சார், எந்தத் தேர்தலில்தான் எல்லாருக்கும் ஓட்டு இருக்கு? தோத்தவங்க கட்டுப்பட வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1973-ல் பிரிட்டன் இந்தக் கூட்டில் சேர்ந்தபோது ஜனங்களை யாரும் கேட்கவே இல்லை. சேர்ந்த பிறகு, 1975-ல்தான் கேட்டார்கள். 67 சதவிகிதம் பேர் சரி என்றார்கள். அதுவும் அன்று பிறக்காத குழந்தைகளைக் கட்டுப்படுத்திய முடிவுதானே?

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் காசுக் கணக்கில் பார்க்க முடியாது. 'கூழோ கஞ்சியோ, எங்கள் வீட்டில் எங்கள் சட்டம்' என்று நினைக்கிறவரை முட்டாள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வெளியேறியதில் லாபமும் உண்டு. தனியாக நின்றதால்தான் பிரிட்டன் 2025 ஜூலையில் இந்தியாவோடு தன் சொந்த வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடிந்தது. இன்னொரு பக்கம், அந்த நாட்டு அரசின் வரவு செலவை ஆராயும் சுதந்திரமான அமைப்பு, நீண்ட காலத்தில் உற்பத்தித் திறன் சுமார் 4 சதவிகிதம் குறையும் என்று மதிப்பிட்டது. அந்த விலையைத் தெரிந்தே, 'பரவாயில்லை, சுதந்திரம்தான் பெரிசு' என்று ஒருவர் ஓட்டுப் போட்டிருந்தால், அவருக்கு ஒரு சல்யூட்.

தெரிந்தே போட்டிருந்தால்!

தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. வாரா வாரம் 35 கோடி பவுண்ட் ஐரோப்பாவுக்குப் போகிறது, அதை நம் மருத்துவச் சேவைக்குச் செலவழிப்போம் என்று ஒரு சிவப்பு பஸ்ஸில் எழுதி ஊரெல்லாம் ஓட்டினார்கள். பிரிட்டனுக்குக் கிடைத்த தள்ளுபடியையும், மானியமாகத் திரும்பி வந்த பணத்தையும் கழிக்காத தொகை அது. எதிரணியும் உத்தமர்கள் இல்லை. வெளியேறினால் உடனே வரியை ஏற்றி, செலவை வெட்டி அவசர பட்ஜெட் போட வேண்டியிருக்கும் என்று நிதி மந்திரியே பயமுறுத்தினார். அப்படி ஒரு பட்ஜெட் வரவே இல்லை. ஒருத்தர் விலையே இல்லை என்றார். இன்னொருத்தர் விலையைப் பூதமாக்கிக் காட்டினார். உண்மையான விலைச் சீட்டு ஜனங்கள் கைக்குப் போகவில்லை.

வாக்குச் சீட்டிலும் இருப்பதா, வெளியேறுவதா என்று மட்டும்தான் இருந்தது. வெளியேறி எங்கே போவது என்று ஒரு வரி இல்லை. அதைத் தீர்மானிக்கவே மூன்றரை வருஷமும் இரண்டு பிரதமர்களின் பதவியும் செலவாயின.

கார்ன்வால் என்ற பகுதி ஐரோப்பிய மானியத்தை நிறையப் பெற்ற இடம். 56.5 சதவிகிதம் பேர் வெளியேறுவோம் என்றார்கள். முடிவு வந்த கையோடு அவர்களுடைய கவுன்சில், 'எங்களுக்கு வந்துகொண்டிருந்த மானியம் தொடரும் என்று உறுதி கொடுங்கள்' என்று அரசாங்கத்திடம் கேட்டது. அவர்களைக் கேலி செய்யாதீர்கள். விலையைச் சொல்லாமல் சரக்கை விற்றவனை விட்டுவிட்டு வாங்கினவனைப் பார்த்துச் சிரிப்பது சுலபம்.

ஆகவே என் கட்சி இது. பிரிவது பாவம் இல்லை. சேர்ந்திருப்பது புண்ணியமும் இல்லை. தன் பங்கை இழக்க ஒருவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால், கேட்கப்படாதவரின் பங்கையும் சேர்த்து இழக்கும்போது அவருக்கு இரண்டு கடமைகள் வந்துவிடுகின்றன. ஒன்று, விலை என்ன என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது, உரக்கச் சொல்வது. இரண்டு, ஓட்டில்லாதவர் தலையில் அது முழுசாக விழாமல் பார்த்துக்கொள்வது. பிரிட்டனும் இதை முற்றிலும் மறந்துவிடவில்லை. ஏற்கெனவே குடியிருந்த ஐரோப்பியர்கள் மனுப் போட்டுத் தங்கிவிட வழி செய்தது. அயர்லாந்து எல்லையில் சாவடி வராமல் காத்தது. ஆனால், இதற்கெல்லாம் ஓட்டுப் போட்ட பிறகுதான் உட்கார்ந்து பேசினார்கள்.

அடுத்த முறை எந்தக் கூட்டிலாவது இருப்பதா, விலகுவதா என்று நீங்கள் கை தூக்க நேர்ந்தால், அது சங்கமோ, கம்பெனியோ, குடும்பமோ, ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 'எனக்கு என்ன கிடைக்கும்' என்பது அப்புறம். இந்த அறையில் இல்லாத யார் இதற்குக் காசு கொடுக்கப் போகிறார்கள்?

அவர் பேர் தெரிந்த பிறகும் கை மேலேயே நின்றால், தாராளமாகத் தூக்குங்கள்.