வள்ளி முதலில் யாரை எழுப்பினாள்?

ஓம் சரவணபவ. 

நம்ம குரூப்ல கல்யாண வேண்டுதல் வராத செவ்வாய்க்கிழமையே கிடையாது. "வள்ளி மணாளனை வேண்டிக்கோங்க, சீக்கிரம் நடக்கும்"னு நாமளும் பதில் போடுறோம். நல்லதுதான். ஆனா ரீல்ஸ்ல வர்ற வள்ளி கதை கிழவர் வேஷம், தேனும் தினைமாவும், துரத்துற யானை, இதோட முடிஞ்சு போயிடுது. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுக்கு அப்புறம்தான் வருது.

காஞ்சிபுரம் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தில் கடைசிப் படலமே வள்ளியம்மை திருமணப் படலம்தான். வேடர் தலைவன் நம்பிக்கு ஆண் பிள்ளைகள் உண்டு; பெண் பிள்ளை இல்லையேன்னு ஏக்கம். வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடந்த குழந்தையை எடுத்து மனைவி கையில் கொடுக்கிறான். அந்த அம்மாவுக்குத் தனிப் பேரே கிடையாது. கொடிச்சி, அதாவது குறிஞ்சி நிலத்துப் பெண், அவ்வளவுதான். பெத்தவ இல்லை, வளர்த்தவ.

(எங்க தேனி மாவட்டத்திலும் ஒரு கிழங்குக் குழி உண்டு. ஆண்டிபட்டி பக்கம் தெப்பம்பட்டியில் மாவூற்று வேலப்பர். பளியர்கள் வள்ளிக்கிழங்கு தோண்டும்போது சுயம்புவாகக் கிடைத்தவர்னு தலவரலாறு சொல்லுது. மரத்தின் வேரடியில் ஊற்று, பக்கத்தில் அப்பன். சித்திரை ஒண்ணாம் தேதி மலையடிவாரம் முழுக்க ஜனமா இருக்கும்.)

கதைக்கு வருவோம். நள்ளிரவில் தோழி கதவைத் திறந்துவிட, வள்ளி முருகனோட போயிடுறா. விடிஞ்சதும் அந்த அம்மா மகளைக் காணோம்னு தேடுறாங்க. நம்பி வில்லும் ஆளுமா விரட்டி வந்து அம்பு விடுறான். சேவற்கொடி ஒரு கூவு கூவுது, அத்தனை பேரும் சுருண்டு விழுந்து உயிர் விடுறாங்க. முருகன் வள்ளியைக் கூட்டிக்கிட்டு நடக்கிறார்.

வழியில் நாரதர் வர்றார். "பெண்ணைப் பெத்த அப்பனையும் சொந்தக்காரங்களையும் இப்படிக் கிடத்திட்டுப் போறது முறையா?"ங்கிற மாதிரி பணிவாக எடுத்துச் சொல்றார். முருகன் உடனே திரும்புறார். அங்கே வந்து அவர் ஒரு கை அசைச்சிருந்தாலே போதும், எல்லாரும் எழுந்திருப்பாங்க. ஆனா வள்ளியைப் பார்த்து, நீயே எழுப்புன்னு சொல்றார். அவ எழுந்திருங்கன்னு சொல்ல, எழுந்திருக்கிறாங்க. அதுக்கு அப்புறம்தான் ஊருக்குப் போய், புலித்தோல் விரிச்சு, அக்னி வளர்த்து, நம்பி மகளோட கையைப் பிடிச்சுக் கொடுக்கிற கல்யாணம். தேடி அலைஞ்ச அந்த அம்மா கண்ணுக்கு முன்னாடி.

யோசிச்சுப் பாருங்க, இவர் யார்? சரவணப் பொய்கையில் பால் கொடுத்த ஆறு பெண்களோட பேரையே தன் பேரா வச்சுக்கிட்டு கார்த்திகேயன்னு நிக்கிறவர். வளர்த்தவங்க கடன் என்னன்னு அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சதாலதான் அந்த ஒரு சொல்லை வள்ளிக்கு விட்டுக்கொடுத்தார்னு நான் நினைக்கிறேன்.

எங்க ஊர் கம்பம் பக்கம். இருட்டு விலகும் முன்னாடியே கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு ரோடுகளில் ஜீப்பு ஏற ஆரம்பிச்சிடும். உள்ளே நெருக்கி உட்கார்ந்திருக்கிறது பெரும்பாலும் அம்மாக்கள், இடுக்கி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போறவங்க. ஏலச்செடி ஆளை மறைக்கிற உயரம் வளரும். காய் மட்டும் தூரடியில், மண்ணை ஒட்டின சரத்தில் பிடிக்கும். அதனால நாள் முழுக்கக் குனிஞ்சே கிடக்கணும். மழைக்காலத்தில் அட்டை வேற. எங்கம்மா இருபது வருஷத்துக்கு மேல இப்படித்தான். என் எஞ்சினியரிங் ஃபீஸ் ஒவ்வொரு செமஸ்டரும் அந்தக் கூலியில் கட்டினது. எனக்கு முதுகு வலிக்குதுன்னு ஆபீஸ்ல தனி நாற்காலி கொடுத்திருக்காங்க. அம்மா வந்தப்போ அதோட போட்டோவைக் காட்டினேன், ரொம்ப நேரம் சிரிச்சாங்க.

போன வருஷம் எனக்குப் பிடிச்சவரைப் பத்தி வீட்ல சொன்னேன். வேற ஊர், வேற ஜாதி. அம்மா திட்டலை, அழவும் இல்லை. அஞ்சு மாசம் போன்ல "சாப்ட்டியா?" மட்டும்தான். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம், "மேஜர்தானே, ரிஜிஸ்டர் பண்ணிட்டு அப்புறம் சொல்லிக்கலாம்"னாங்க. சட்டப்படி அதுல ஒரு குறையும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் இந்தப் படலத்தைத் திரும்பப் படிச்சேன்.

வள்ளி போனது தப்புன்னு புராணம் எங்கேயும் சொல்லலை. வீட்டுக்குப் போனா உயிருக்கே ஆபத்துங்கிற நிலையில் இருக்கிற தங்கச்சிங்களுக்கு நான் இதைச் சொல்லவும் இல்லை. நம்பியும் ஆயுதத்தோடதான் வந்தான், அப்போ முருகன் பக்கத்தில் நின்னதுதான் வள்ளிக்குக் காவல். ஆனா விழுந்து கிடக்கிறவங்களைத் தாண்டி நடக்காம, திரும்பி வந்து நின்னாளே, அந்த இடத்தில் என்னால புத்தகத்தை மூட முடியலை. மாசாமாசம் ஜிபே பண்றோம், தீபாவளிக்குச் சேலை எடுக்கிறோம், அன்னையர் தினத்துக்கு ஸ்டேட்டஸ் வைக்கிறோம். எங்கம்மா அந்த அஞ்சு மாசமும் விழுந்துதான் கிடந்தாங்க, தினமும் ஜீப்பு ஏறிக்கிட்டே.

வொர்க் ஃப்ரம் ஹோம் கேட்டு ரெண்டு வாரம் ஊருக்குப் போனேன். கல்யாணப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. அவங்க கூடவே எழுந்திருச்சு, தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுப்பேன். சாயங்காலம் வந்ததும் வெந்நீர் வச்சுக் காலுக்கு ஊத்துவேன். ஒன்பதாம் நாள் ராத்திரி அவங்களாவே கேட்டாங்க.

"ஏந்தாயி, அந்தப் பையன் சாமி கும்புடுவானா?"

"கும்புடுவாரும்மா. முருகன்தான்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "சித்திரை ஒண்ணுக்கு மாவூத்துக்கு வரச் சொல்லு. பாக்கணும்"னாங்க. சரின்னு சொல்லலை, பாக்கணும்னுதான் சொல்லியிருக்காங்க. காலையில் ஜீப்பு சீக்கிரம் வந்துடும்னு திரும்பிப் படுத்துட்டாங்க.

சித்திரை வரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு விளக்கு ஏத்துங்க சொந்தங்களே.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!