சாட்சி சொல்லும் நா

ஒவ்வொரு தொழுகையின் இருப்பிலும் நமது சுட்டுவிரல் உயர்கிறது; ‘அஷ்ஹது’ என்கிறது நா. சாட்சி கூறுகிறேன் என்பது பொருள். எதற்குச் சாட்சி? நாம் கண்டோமா?

இக்கேள்வி விதண்டாவாதமன்று. ‘ஷஹித’ என்னும் அறபு வினைக்கு ‘நேரில் இருந்தான்’ என்பதே அடிப்படைப் பொருள். நாம் வழங்கும் ‘சாட்சி’யும் கண்ணால் கண்டவனையே குறிக்கும் வடசொல். (பழந்தமிழர் இதனைக் ‘கரி’ என்றனர், நம் பேச்சில் அது அடுப்புக் கரியாகவே எஞ்சி நிற்கிறது!) ஹிராக் குகையருகே நில்லாத நாம் எப்படிச் சாட்சியாவது?

குஸைமா இப்னு தாபித் (ரலி) அவர்களின் வரலாறு இங்கே வழிகாட்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குக் குதிரை விற்ற நாட்டுப்புற அறபி ஒருவர், பிறர் கூடுதல் விலை கேட்கவே, விற்கவில்லை என மறுத்து, சாட்சி உண்டா என்றார். குஸைமா முன்வந்து சாட்சி சொன்னார். பேரம் நடந்தபோது அவர் அங்கில்லை. எதைக் கொண்டு சாட்சி கூறுகிறீர் என்று பெருமானார் வினவ, தங்களை உண்மையாளர் என ஏற்றதைக் கொண்டு என்றார். அவரது சாட்சியம் இருவரின் சாட்சியத்துக்கு நிகராக்கப்பட்டது. நமது ஷஹாதாவும் இவ்வகையினதே. கண்ணுக்குப் பதில், ஒரு மனிதரின் வாய்மை அங்கே ஆதாரமாகிறது.

ஆனால் அச்சலுகை கடைத்தெருவுக்கு உரியதன்று. இன்று நாம் காணாததற்கெல்லாம் கையொப்பமிடுகிறோம். மணப்பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுவரச் செல்லும் சாட்சிகளுள், அவள் குரலை உண்மையிலேயே கேட்டவர் எத்தனை பேர்? பந்திக்கு நேரமாகிறது, யாரோ ‘சரியாம்’ என்கிறார், பதிவேட்டில் பெயர் ஏறிவிடுகிறது. அவள் வாய் திறந்தாளா என்பது எவருக்கும் தெரியாது.

கண்டே இட்டாலும் தீராத கடமை ஒன்றுண்டு. பஷீர் (ரலி) தம் மைந்தர் நுஃமானுக்கு மட்டும் ஒரு கொடை அளித்தார். நபிகளார் அதற்குச் சாட்சியாக வேண்டும் என்று நுஃமானின் தாயார் அம்ரா வற்புறுத்தினார். மற்றப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று பெருமானார் கேட்டார்கள். இல்லை என்றதும், அநீதிக்குச் சாட்சியாக மறுத்துவிட்டார்கள். கொடுத்தவர் தந்தை, கொடுத்ததும் உண்மை. ஆயினும் அங்கே சாட்சி நிற்பது அச்செயலுக்குத் தோள் கொடுப்பதாகிவிடும். சொத்துப் பத்திரங்களில் உறவுக்காகக் கையொப்பமிடும் நாம், பெண்மக்களின் பங்கு என்னாயிற்று என்று கேட்பதுண்டா? கேட்டால் விருந்தே கசந்துபோகும்!

பஷீர் தம் கொடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். உங்களுக்கே எதிராயினும் சாட்சி பகருங்கள் என்ற கருத்தைத் திருமறையின் நான்காம் அத்தியாயத்தில் ஓதுகிறோம் அல்லவா? இந்நிகழ்ச்சியை மிம்பரில் நின்று மக்களுக்கு அறிவித்தவர் வேறு யாருமல்லர். அக்கொடையை இழந்த நுஃமானே.