திருத்தமும் வாய்மையும்

வரைந்த கோட்டினை மாற்றி வேறொன்று வரையும் ஓவியன் உண்மையை மறைக்கிறானா, உண்மையை நெருங்குகிறானா? எண்ணெய் வண்ணத்தின் இயல்பை அறிந்தால் இவ்வினாவுக்கு விடை காணலாம்.

நீர் வண்ணம் நீர் ஆவியானதும் உலர்ந்துவிடும். ஓவியர் வண்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெயோ ஆவியாவதில்லை. காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று, நாட்கணக்கில் மெல்ல இறுகுகிறது. அதுவரை வழித்தெடுக்கலாம், குழைக்கலாம்; உலர்ந்தபின் அதன்மீதே மீண்டும் தீட்டலாம். கலைஞர் அதனை விரும்பியதற்கு அதன் ஒளியாழம் ஒரு காரணம்; அது தரும் அவகாசம் மற்றொன்று.

ஆயினும் பழைய கோடு அழிந்துவிடுவதில்லை. யான் வான் ஐக் 1434இல் தீட்டிய அர்னோல்பினி இணையர் ஓவியம் லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. அகச்சிவப்புக் கதிர் கொண்டு அதனை ஆராய்ந்தபோது, ஆடவனின் உயர்த்திய கையும் பாதங்களும் இடம் மாற்றி வரையப்பட்டமை தெரிந்தது. வேறு சில பழைய ஓவியங்களிலோ, காலப்போக்கில் மேற்பூச்சு ஒளியை ஊடுருவவிட, அடியிலுள்ள முதற்கோடு வெறுங்கண்ணுக்கே புலனாகிறது.

அது கண்டு ஓவியனைப் பொய்யன் என்று நாம் இகழ்வதில்லை. அக்கையை உரிய இடத்தில் நிறுத்த அவன் பட்ட பாட்டையே வியக்கிறோம். திருந்தி வாழும் மனிதரிடத்தும் இந்நீதியே வேண்டும். அவருடைய பழைய கோட்டினை மட்டும் சுட்டிக்காட்டி, அதன்மேல் அவர் பொறுமையுடன் தீட்டியதைக் காணாதிருத்தல் அறமன்று.