பேசா உயிரின் நோயும் வளர்ப்பவன் கடனும்

பிறிதோர் உயிரின் துன்பத்தைக் கண்டு இரங்குதலே அறத்தின் தொடக்கம் எனப் பலரும் கூறுவர். ஆயின் இரங்குவதற்கு முன்னர் அத்துன்பம் துன்பமென அறியப்படல் வேண்டும். நோயுற்ற நாய் முனகுகின்றது, பசு தீனியை மறுத்துத் தலை கவிழ்ந்து நிற்கின்றது, குழந்தை அழுகின்றது. இவற்றின் நோயை மனிதன் தன் உடலின் அனுபவத்தைக் கொண்டு ஊகித்துக்கொள்கின்றான். பாம்புக்கோ மாறும் முகம் இல்லை. மூடும் இமை இல்லை. அழும் குரல் இல்லை. நோயுற்ற பாம்பும் நலமுள்ள பாம்பும் ஏறக்குறைய ஒரே வகையாகச் சுருண்டு கிடக்கின்றன. துன்பத்தை வெளிக்காட்ட இயலாத ஓர் உயிரை வளர்ப்பவனுக்கு அத்துன்பத்தைத் தேடி அறியும் கடமை உண்டா? அறியாது விட்டால் அந்த அறியாமை குற்றமாகுமா? பாம்பு வளர்ப்பைப் பற்றிய சிறு வினாவாகத் தோன்றினும், ஒழுக்கவியலின் அடிப்படையைத் தொடும் வினாவே இது.

ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்திலுள்ள பூனாகலை போன்ற மலைத்தோட்டங்களில் பாம்பு அயலான உயிரன்று. கொழுந்து பறிப்போர் சாரையையும், தேயிலையின் பசுமையோடு கலந்து கிடக்கும் பச்சை விரியனையும் எதிர்கொள்வதுண்டு. புற்றுக்குப் பாலும் முட்டையும் வைத்து வணங்கும் வழக்கமும் தோட்டங்களில் உண்டு. கண்ட இடத்தில் பாம்பை அடித்துக் கொல்லும் வழக்கமும் உண்டு. வணங்குபவனும் அடிப்பவனும் ஒருவனாகவே இருத்தலும் கூடும். இவ்விரு நிலைகளிலும் பாம்பு ஓர் உயிர் என்ற முறையில் நோக்கப்படவில்லை. ஒன்றில் அது தெய்வம். மற்றொன்றில் அது பகை. தெய்வத்துக்கு நோய் வருவதில்லை. பகைக்கு நோய் வந்தால் வருந்துவாரில்லை. பாம்புக்கும் நோய் வரும் என்னும் எண்ணம், அதனைப் பெட்டியில் அடைத்து வளர்க்கும் மூன்றாவது மனிதனுக்கே கட்டாயமாக எழ வேண்டியுள்ளது.

அவனுக்கும் அவ்வெண்ணம் எளிதில் எழுவதில்லை. பாம்பின் உடற்குறிகளை மனிதக் குறிகளாக வாசிக்கும்போது பிழை இரு திசைகளிலும் நேர்கின்றது. நோயல்லாததை நோயென்று அஞ்சுதல் முதலாவது. தோலுரிப்பதற்குச் சில நாட்களுக்கு முன் பாம்பின் கண்கள் பால்போல் வெளிறுகின்றன. உடலின் நிறம் மங்குகின்றது. அது இரையை மறுத்து ஒதுங்குகின்றது. இவை இயல்பானவை. சில நாட்களில் கண் மீண்டும் தெளிய, பின்னர் தோல் கழல்கின்றது. வளர்ந்த பாம்பு பல வாரங்கள் உண்ணாதிருத்தலும் எல்லா வேளையிலும் நோயின் அடையாளமன்று.

நோயை நலமென்று மகிழ்தல் இரண்டாவது, இதுவே கொடியது. முன்பு சீறிய பாம்பு இப்போது கையில் அமைதியாகக் கிடந்தால், அது தன்னிடம் பழகிவிட்டது என வளர்ப்பவன் பெருமிதம் கொள்கின்றான். அப்பாம்பு பழகியதன்றித் தளர்ந்ததாகவும் இருக்கலாம். தலையை மேல்நோக்கி நிமிர்த்தி அசையாதிருக்கும் மலைப்பாம்பைக் கண்டு கம்பீரம் என வியக்கின்றான். மூச்சுக்குழலில் சளி நிறைந்த பாம்பும் மூச்சுக்காகத் தலையை அவ்வாறே உயர்த்துகின்றது. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோயிலும் தலை வானோக்கி வளைகின்றது. மலைப்பாம்பு, போவா இனங்களில் காணப்படும் அத்தகைய ஒரு நோயோடு தொடர்புடைய வைரசு 2012ஆம் ஆண்டிலேயே அடையாளங்காணப்பட்டது. சில பாம்பாட்டிகளிடம் பல நாள் நீரின்றி வாடிய நாகம் பாலைக் குடிப்பதைப் பார்ப்போர் பக்தியின் பயனாகக் கொள்கின்றனர். பால் பாம்பின் உணவன்று; அது குடித்தது தாகத்தால். இவ்வனைத்திலும் மனிதன் காண விரும்பியதையே கண்டான். அவனுடைய அன்பும் பெருமிதமுமே நோயை மறைக்கும் திரைகளாயின.

ஆயினும் பாம்பின் நோய்க்கு அடையாளமே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. பாம்புக்கு உதரவிதானம் இல்லை. ஆதலால் அது மனிதனைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற இயலாது. பெரும்பாலான பாம்புகளில் வலப்புற நுரையீரல் ஒன்றே முழுமையாகத் தொழிற்படுகின்றது. எனவே மூக்குத்துளையில் தோன்றும் குமிழி, வாயைத் திறந்து விடும் மூச்சு, மூச்சோடு எழும் கீச்சொலி ஆகியன சிறு தடிமலின் குறிகளாகக் கருதற்பாலன அல்ல. உயிருக்கே கேடு சூழ்ந்துள்ளதைக் காட்டும் குறிகள். ஈறு சிவந்து தயிர்க்கட்டி போன்ற சீழ் தோன்றுதல், வயிற்றுச் செதில்கள் நிறம்மாறிப் புண்ணாதல், தோல் துண்டு துண்டாக உரிதல், கண்ணைச் சுற்றியும் நீர்க் கிண்ணத்திலும் கரும்புள்ளிகளாகச் சிற்றுண்ணிகள் காணப்படுதல், விழுங்கிய இரையைக் கக்குதல், முதுகெலும்பு துருத்துமாறு மெலிதல் ஆகியனவும் அத்தகையனவே. பாம்பு ஊமையன்று, அதன் மொழியை மனிதன் கற்கவில்லை என்பதே உண்மை.

கற்க வேண்டிய கடமை எங்கிருந்து பிறக்கின்றது என்பதே அடுத்த வினா. இதனை விளக்க ஓர் உதாரணத்தைக் கொள்ளலாம். கொஸ்லாந்தை வழியாக இறங்கும் பாதை வெல்லவாயவின் வெப்பத் தாழ்நிலத்தை அடைகின்றது. அத்தாழ்நிலத்தில் வாழ்ந்த ஒரு மலைப்பாம்புக் குட்டியை ஒருவன் மேலே கொண்டுவந்து, பூனாகலையில் ஒரு லயக் காம்பராவின் மூலையில் பெட்டிக்குள் அடைத்து வைத்தான் எனக் கொள்க. அவன் அதனை அடிக்கவில்லை, பட்டினி போடவுமில்லை. மாரிக்காலக் குளிரில் எலிக்குஞ்சு ஒன்றை அதற்கு ஊட்டினான். தன் உடலில் போதிய வெப்பத்தை உண்டாக்க இயலாத அவ்வுயிர் இரையைச் செரிக்க முடியாது கக்கியது. பின்னர் அதன் மூக்கில் குமிழி தோன்றியது. அவன் செய்த தீங்கு யாது? தாழ்நிலத்தில் அக்குட்டி இரை கொண்டபின் வெயில் படும் பாறையை நாடியிருக்கும். சூடு மிகுந்தால் வளைக்குள் நுழைந்திருக்கும். தோலுரிக்கும் காலத்தில் ஈரத்தையும் உராய்வதற்கேற்ற கல்லையும் தேடியிருக்கும். பெட்டி அதனிடமிருந்து பறித்தது இடத்தை மட்டுமன்று. அதன் வைத்தியத்தையும் பறித்துவிட்டது.

இது வெறும் உவமையன்று. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தியூ கிளூகரும் அவருடன் பணியாற்றியோரும் பாலைவன இகுவானா எனப்படும் பல்லியினத்தை ஆராய்ந்தனர். பற்றீரியத் தொற்றுக்குள்ளான இப்பல்லிகள் வெப்பம் மிகுந்த இடத்தைத் தாமே நாடிச் சென்று, காய்ச்சலைப் போன்ற உடல்வெப்பத்தை அடைந்தன. 1975ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், தொற்றுற்றவற்றுள் உயர்ந்த வெப்பநிலையில் வைக்கப்பட்டவை கூடுதலாக உயிர்பிழைத்தமையும், தாழ்ந்த வெப்பநிலையில் வைக்கப்பட்டவை கூடுதலாக இறந்தமையும் காட்டப்பட்டன. ஊர்வனவற்றுக்கு இடம்பெயர்தலே ஒரு மருந்து என்பதை இவ்வாய்வு உணர்த்துகின்றது. அம்மருந்தைப் பறித்தவன் எவனோ, அவனே அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவன். இரக்கம் உள்ளவனுக்கே உரிய சிறப்பறமன்று இது. கடன்பட்டவன் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். எனவே, “எனக்குத் தெரியவில்லை” என்னும் விடை காட்டில் பாம்பைக் கண்டு விலகிச் சென்றவனுக்குப் பொருந்தும். பெட்டியின் மூடியைப் பூட்டியவனுக்குப் பொருந்தாது.

தத்துவ அறிஞர்தம் விவாதத்திலும் இவ்விடத்தில் ஒரு குறை புலப்படுகின்றது. 17ஆம் நூற்றாண்டில் டேக்கார்ட் விலங்குகளைப் பொறிகளுக்கு ஒப்பிட்டார். 1789இல் வெளியான நூலில் பெந்தம், விலங்குகள் சிந்திக்குமா, பேசுமா என்பதைவிட அவை துன்புறுமா என்பதே வினா எனத் திசை திருப்பினார். 1974இல் தோமஸ் நேகல், ஒரு வௌவாலாக இருத்தலின் அனுபவத்தைப் புறநிலை அறிவு கொண்டு எட்ட முடியுமா என ஐயுற்றார். பாம்பின் உள்ளனுபவம் இத்தகையது என எவரும் உறுதியாகக் கூறல் அரிது. ஆனால் வளர்ப்பவனின் கடமை அவ்வறிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பாம்பு நோவை எவ்வாறு உணர்கின்றது என்பது தெரியாவிடினும், அதன் மூச்சு தடைப்படுவது தெரிகின்றது. பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் எண்ணிக் காவாதவிடத்து அறிவினால் யாது பயன் என வள்ளுவர் கேட்பது இங்கு நினைக்கத்தக்கது. “தன் நோய்போல்” என்பதைத் தன்னைப்போலவே அதுவும் அழும் என்று பொருள்கொள்ளலாகாது. தன் நோய்க்குக் காட்டும் கவனத்தை அதற்கும் காட்டுதல் என்று கொள்ளுதலே தகும்.

மலையகத்து மக்களின் மருத்துவக் குறைகளே தீராதிருக்கையில் பாம்பின் நோயைப் பற்றிப் பேசுதல் தகுமா என்ற தடை இங்கு எழலாம். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. மனிதரையும் பாம்பையும் ஒருதட்டில் நிறுத்துவதும் இங்கு நோக்கமன்று. ஆயினும் மலையக வரலாறே மேற்கூறிய கொள்கைக்குச் சான்றாகின்றது. துண்டு முறை நிலவிய காலத்தில், துண்டின்றித் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றில் வேலை பெற இயலவில்லை. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அவ்வாறு கட்டுண்டோரின் நோய்க்குத் துரைமாரும் பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணம் 1872ஆம் ஆண்டிலேயே மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டமாக உருப்பெற்றது. சட்டம் இருந்தது, நோய் கூறும் வாயும் இருந்தது, கேட்கும் செவியே குறைந்திருந்தது. பேசத் தெரிந்தோரின் நோயே கேட்கப்படாமற் போகுமாயின், கேட்டலும் நோக்குதலும் தாமே வருவனவல்ல, பயின்று பெறவேண்டியன என்பது தெளிவு. மனிதருக்குப் பராமரிப்பு மட்டும் போதாது, உரிமை வேண்டும் என்பதும் அவ்வரலாற்றின் பாடமே. பாம்பின் நோயை நோக்கக் கற்ற கண் மனிதரின் நோயை நோக்க மறுக்கும் என அஞ்சக் காரணமில்லை.

அறிதலோடு கடமை முடிவதில்லை. அறிந்தபின் செய்வதிலும் அறம் உண்டு. இரை கொண்ட நாள், தோலுரித்த நாள், நிறை ஆகியவற்றைக் குறித்து வைப்பவனே மாற்றத்தைக் காண்பான். ஐயம் எழுந்ததும் பிற பாம்புகளிடமிருந்து அதைப் பிரித்தல், இனத்துக்கேற்ற வெப்பமும் தூய நீரும் மறைவிடமும் அளித்தல், கையாள்வதைக் குறைத்தல் ஆகியன உடன் செய்யத்தக்கவை. நோயுற்ற பாம்புக்கு இரையை வலிந்து திணித்தலும், மனிதருக்குரிய மாத்திரையை ஊகத்தால் கொடுத்தலும், ஒட்டிய தோலையும் கண்மேற் செதிலையும் பிய்த்தெடுத்தலும் அன்பின் பெயரால் நிகழும் கொடுமைகள். மருந்தின் அளவு அதன் நிறையோடும் உடல்வெப்பத்தோடும் தொடர்புடையது. அதனை மிருக வைத்தியரே முடிவு செய்தல் வேண்டும். நச்சுப்பாம்பின் வாயைப் பயிற்சியற்றோர் திறந்து பார்த்தல் இரு உயிர்களுக்கும் கேடு. வைத்தியரை நாட வழியில்லாத இடத்தில் வாழ்வோன் பாம்பை வளர்க்கத் தகுதியுடையவனா என்பதைப் பிடிக்கும் முன்னரே கேட்டிருத்தல் வேண்டும். இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் காட்டுயிர்களைப் பிடித்து வைத்திருத்தலைக் கட்டுப்படுத்துகின்றன. நோயுற்ற காட்டுப்பாம்பைக் கண்டால் வீட்டுக்கு எடுத்துச் செல்லாது வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தலே முறை.

பாம்பை அடைத்தல் எந்நிலையிலும் தகாதது எனின், பாம்புக்கடிக்கு மருந்து எவ்வாறு கிடைக்கும்? கடியுண்ட தோட்டத் தொழிலாளியின் உயிரும் இவ்வினாவில் அடங்கியுள்ளது. இலங்கை மருத்துவமனைகளில் நெடுங்காலமாகப் பயன்படும் எதிர்நஞ்சு மருந்து இந்தியாவில் தயாராவது. அங்கு அதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியை அளித்துவந்தோர் தமிழ்நாட்டு இருளர். தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்த அம்மக்கள், அவ்வணிகம் தடைப்பட்டபின் 1978இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். துணியால் வாய்கட்டிய மண்பானையில் பாம்பைச் சில வாரங்கள் மட்டுமே வைத்து, வாரம் ஒருமுறையாக நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விடுதல் அவர்களின் முறை. தேவை, கால எல்லை, விடுவிப்பு ஆகிய மூன்றும் அடைத்தலுக்கு வரம்பாக அங்கு அமைந்துள்ளன. தடத்தையும் எச்சத்தையும் கழன்ற தோலையும் கொண்டு பாம்பை அறியும் அவர்தம் அறிவு உலகறிந்தது. அச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகியோருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பேசா உயிரையும் பொறுமையான கவனத்தால் அறியலாம் என்பதற்கு இவர்களே சான்று.

ஆகவே, பாம்பின் நோயை அறிதல் கடமையா என்ற வினாவுக்கு விடை, பாம்பின் இயல்பில் இல்லை. அதனை அடைத்தவனின் செயலில் இருக்கின்றது. கட்டற்ற பாம்பு தன் நோய்க்குத் தானே வழிதேடும். அதற்கு மனிதன் செய்யத்தக்க உதவி விலகி நிற்றலே. கட்டுண்ட பாம்புக்கு அவ்வழி இல்லை. அதனை அடைத்த கையே அதன் வெயிலாகவும் நிழலாகவும் ஆதல் வேண்டும். அவ்வாறு ஆக இயலாதென உணர்பவன் பெட்டியைச் செய்யாதிருத்தலே அறம்.